போதும் என்றார் சுவார்ட்ஸ் ஐயர்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவி

போதும் என்ற சொல்லைப் போல் இனிக்கவும் கசக்கவும் வல்ல சொல் தமிழில் வேறு உண்டோ, நான் அறியேன். பந்தியில் இலைமுன் அமர்ந்து, வயிறும் மனமும் நிறைந்து, பரிமாறுபவரின் கையைத் தடுத்துப் போதும் என்கிறோமே, அப்போது அது இனிக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் தேறி, மேலே படிக்க ஆசைப்பட்டு நிற்கும் பெண்ணைப் பார்த்து, பெண்பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு போதும் என்று உறவினர் கூடிச் சொல்லும்போது அதே சொல் வேம்பாகக் கசக்கிறது. இரண்டையும் சுவைத்தவள் என்ற உரிமையோடுதான் இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

எங்கள் ஊர் கோடியக்கரை. சோழ வளநாடு அங்கே முடிகிறது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன் கஜா புயல் எங்கள் கரையைக் கடந்தபோது நான் எட்டாம் வகுப்பு மாணவி. விடிந்து பார்த்தால் வீட்டின்மேல் கூரை இல்லை. அப்பாவின் படகு இரண்டாகப் பிளந்து கிடந்தது. என் தாயார் மூன்று செங்கற்களை அடுக்கி, நனைந்த விறகை ஊதி ஊதி எரியவைத்து, ஒரு பானைக் கஞ்சி காய்ச்சினார்கள். குடிக்குமுன் கண்ணை மூடி ஆண்டவருக்கு நன்றி சொன்னார்கள். எதற்கு நன்றி? எனக்கு அழுகையைவிடக் கோபமே மிகுதியாக வந்தது. உயிர் இருக்கிறது, கஞ்சி இருக்கிறது, இன்றைக்கு இது போதும் என்றார்கள் அம்மா. இல்லாதவர்களை இல்லாதவர்களாகவே வைத்திருக்க யாரோ கண்டுபிடித்த மருந்துதான் இந்தப் போதும் என்ற மனம் என்று அன்று முடிவு கட்டினேன். அந்த முடிவு ஆறு ஆண்டுகள் அசையாமல் இருந்தது.

அதை அசைத்தவர் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார். அதுவும் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே மண்ணுக்குள் போய்விட்டவர்.

எங்கள் துறை மாணவ மாணவியர் தஞ்சைக்குச் சுற்றுலா சென்றிருந்தோம். பெரிய கோவிலைக் கண்டு களித்தபின், சிவகங்கைப் பூங்காவை ஒட்டியுள்ள பழைய தேவாலயத்திற்கு எங்களை அழைத்துச் சென்றனர். உள்ளே சுவரில் ஒரு வெண்சலவைக்கல் சிற்பம். படுக்கையில் ஒரு முதியவர் இறக்கும் தறுவாயில் கிடக்கிறார். தலைப்பாகை அணிந்த இளவரசர் ஒருவர் அவர் கையைப் பற்றியபடி நிற்கிறார். அருகில் வேறொரு பாதிரியார். கட்டிலின் பக்கத்தில் சிறுவர்கள். அந்த இளவரசர் நம் சரபோஜி மன்னர். சரசுவதி மகால் நூலகத்தைப் பேணி வளர்த்த அதே சரபோஜி! இங்கிலாந்தின் புகழ்பெற்ற சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு இதை வடிக்கச் செய்து, கடல் கடந்து வரவழைத்து இங்கே நிறுவியவர் அவரேதாம். மன்னர்கள் தமக்குச் சிலை வைத்ததை அறிவோம். தம் குலத்தையும் சமயத்தையும் சேராத ஓர் ஏழைப் பாதிரியாரின் மரணப் படுக்கையைக் கல்லில் பொறித்து, அதன் பக்கத்தில் தாமும் நிற்க விரும்பிய மன்னர் வேறு யார்? பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று ஆசிரியர் அழைக்கும்வரை நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அன்று தொடங்கிய தேடலில் கிடைத்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

கிறிஸ்டியன் ஃபிரெடரிக் சுவார்ட்ஸ் 1726ஆம் ஆண்டு, அந்நாளில் பிரஷ்ய அரசுக்கு உட்பட்ட சோனன்பர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். இன்று அவ்வூர் போலந்து நாட்டின் மேற்கெல்லையில் சுவோன்ஸ்க் என்ற பெயரோடு இருக்கிறது. நான் விலங்கியல் மாணவி அல்லவா? அவ்வூரைப் பற்றித் தேடியபோது எனக்குக் கிடைத்தது திருச்சபை வரலாறு மட்டுமன்று. வார்த்தா ஆறு ஓடர் ஆற்றோடு கலக்கும் இடத்தில் பரந்து கிடக்கும் சதுப்பு நிலம் அது. ஆயிரக்கணக்கில் நீர்ப்பறவைகள் கூடும் இடம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. எங்கள் கோடியக்கரையும் 2002 முதல் அதே பட்டியலில் இருக்கிறது! பறவைகளின் ஊரில் பிறந்தவர் பறவைகளின் கரைக்கு அருகே வந்து சேர்ந்தார் என்று எண்ணி மகிழ்ந்தேன். ஆனால் ஒரு வேறுபாடு. எங்கள் ஊருக்குக் குளிர்காலத்தில் வரும் பறவைகள் கோடை தொடங்கினால் வடக்கே திரும்பிவிடும். 1750இல் வந்த சுவார்ட்ஸ் ஒரு முறைகூடத் திரும்பவில்லை.

பால்மணம் மாறாத பருவத்திலேயே அவர் தாயை இழந்தார். பின்னர் ஹாலே நகரப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். தரங்கம்பாடியில் டேனிஷ் மன்னரின் ஆதரவில் சீகன்பால்கு 1706இல் தொடங்கிய பணிக்கு ஆட்களை அனுப்பிய நகரம் அதுதான். நம் நாட்டில் பணிபுரிந்து திரும்பியிருந்த பெஞ்சமின் சூல்ட்சே, தமிழ் வேதாகமத்தை அங்கே அச்சிடும் எண்ணத்தோடு இருந்தார். அவருக்குத் துணைசெய்வதற்காக இளைஞர் சுவார்ட்ஸ் தமிழெழுத்துகளைக் கற்றார். அச்சு வேலை நடைபெறாமல் போயிற்று. கற்ற தமிழ் வீண்போகவில்லை. இந்தியாவுக்குச் செல்கிறாயா என்று ஆசிரியர் கேட்டபோது இசைந்தார். குடும்பச் சொத்தில் தமக்குரிய பங்கை உடன்பிறந்தாருக்கே விட்டுக்கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 23.

1750 ஜூலையில் தரங்கம்பாடி வந்து சேர்ந்தவர், நான்கு மாதத்திற்குள் தமிழில் பிரசங்கம் செய்தார். பிற்காலத்தில் மராத்தியும் பாரசீகமும் இந்துஸ்தானியும் போர்த்துகீசியமும் அவருக்குக் கைவந்தன. நாமோ ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் பேச மூன்றாண்டு தடுமாறுகிறோம்! தரங்கம்பாடியில் பத்தாண்டுக்கு மேல் கழித்தபின், 1762இல் கால்நடையாகத் தஞ்சைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் புறப்பட்டார். திருச்சி அவரைப் பிடித்து வைத்துக்கொண்டது. அங்கே கோட்டைக்குள் 1766இல் அவர் கட்டிய கிறிஸ்துநாதர் ஆலயம் இன்றும் இருக்கிறது.

திருச்சி நாட்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். என் கோபத்திற்கு முதல் விடை அங்கேதான் கிடைத்தது. வில்லியம் சேம்பர்ஸ் என்ற கும்பினி உத்தியோகஸ்தர் அவரை நேரில் கண்டு எழுதிவைத்திருக்கிறார். பழைய கட்டடம் ஒன்றில் ஓர் அறை. கட்டிலும் அவருமாகச் சேர்ந்தால் அறை நிரம்பிவிடும். உள்ளே நிமிர்ந்து நிற்கச் சிலரால்தான் முடியும். உணவு, நம்மவர் முறையில் சமைத்த சோறும் காய்கறியும். உடை, கருஞ்சாயம் தோய்த்த பருத்தித் துணி. ஓராண்டுக்கு அது போதும். இங்கிலாந்திலிருந்து ஒரு சங்கம் அவருக்கு அனுப்பிய சம்பளம் ஆண்டுக்கு 48 பவுன். கோட்டையிலிருந்த ஆங்கிலேயச் சிப்பாய்களுக்கும் அவர் வழிபாடு நடத்தியதால், கும்பினியார் ஆண்டுக்கு 100 பவுன் தர முன்வந்தனர். வருவாய் மும்மடங்கு ஆயிற்று. அறை பெரிதாயிற்றா? இல்லை. அந்தப் பணம் ஊழியத்துக்கான வீட்டுக்கும் சபைக்கும் போயிற்று. அவர் அதே சோற்றையும் காய்கறியையும் உண்டார்.

துறவியர் பலர் இப்படி வாழ்ந்ததுண்டு. நம் நாட்டுக்கு இது புதிதன்று. எனக்குப் புதிதாகப் பட்டது வேறு. பாதிரியார் என்றதும் முகத்தை இறுக்கி வைத்திருக்கும் கடுமையான ஒருவரை எதிர்பார்த்துத்தான் சேம்பர்ஸ் போயிருக்கிறார். அவர் கண்டதோ நிமிர்ந்த நடையும், சுருண்ட கரிய முடியும், கள்ளமற்ற முகமும் உடைய ஒரு மனிதரை. சோற்றுத் தட்டின்முன் அவர் மகிழ்ச்சியோடு அமர்வார் என்றே அந்த உத்தியோகஸ்தர் குறித்திருக்கிறார். மகிழ்ச்சியோடு! பொறுத்துக்கொண்டு என்று எழுதவில்லை. கடமைக்காக என்றும் எழுதவில்லை. பசியை அடக்கிப் பழகியவன் போதும் என்பது ஒருவகை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று உள்ளம் நிறைந்தவன் போதும் என்பது மற்றொரு வகை. பவுல் அப்போஸ்தலர் பிலிப்பியருக்கு எழுதிய நிருபம் மகிழ்ச்சியைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசுகிறது. அதை அவர் எழுதியது சிறைக்காவலில் இருந்தபடி. நிறைவிலும் குறைவிலும் மனநிறைவாய் இருக்கக் கற்றுக்கொண்டதாக அதில் சொல்கிறார். கற்றுக்கொண்டதாக! பிறவிக் குணமாக இருந்தால் கற்க வேண்டியதில்லையே. சுவார்ட்ஸ் ஐயரும் அந்தப் பாடத்தை அந்தக் குனிந்த கூரைக்குக் கீழே கற்றார் என்று நினைக்கிறேன். (பாதிரிமாரை ஐயர் என்பது அந்தச் சபையாரின் அக்கால வழக்கு. நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். அவர் லுத்தரன் சபையைச் சேர்ந்தவர். இதைப் படித்தால் எங்கள் பங்கில் சிலர் புருவத்தை உயர்த்தலாம், உயர்த்தட்டும்.)

1778இல் அவர் தஞ்சையில் குடியேறினார். துளஜா மன்னர் அவரைப் பல ஆண்டுகளாக அறிந்தவர். அடுத்த ஆண்டே, சென்னைக் கவர்னர் ரம்போல்டு அவரைச் சீரங்கப்பட்டணத்திற்கு ஐதர் அலியிடம் தூது அனுப்பினார். கும்பினியாருக்குப் போர் செய்யும் எண்ணம் இல்லை என்று உறுதி கூறும் தூது அது. போன தூதர் உண்மையானவர். அனுப்பியவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐதர் அவரை மரியாதையோடு நடத்தி, வழிச்செலவுக்கென 300 ரூபாய் கொடுத்தனுப்பினார். சுவார்ட்ஸ் அதைச் சென்னை அரசிடம் ஒப்படைத்தார். நீரே வைத்துக்கொள்ளும் என்று அவர்கள் திருப்பிக் கொடுத்தபோது, தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓர் ஆங்கிலப் பள்ளி தொடங்க அதை முதலாக வைக்க வேண்டினார். தூது பயனற்றுப் போயிற்று. 1780இல் ஐதரின் படை மலையிறங்கியது.

ஐதர் காலத்துப் பழசு என்று பழைய பொருளைச் சொல்லிச் சிரிக்கிறோமே, அந்தக் காலம் நம் காவிரி நாட்டுக்கு எப்படி இருந்தது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? 1781இல் படைகள் டெல்டாவுக்குள் புகுந்தன. ஊர்கள் எரிந்தன. கால்நடைகளை ஓட்டிச் சென்றனர். நீர்வழிகள் பாழாயின. விதைக்க ஆளில்லை, விதைத்ததை அறுக்கவும் ஆளில்லை. பிழைத்தவர்கள் தஞ்சைக் கோட்டையை நோக்கி ஓடினர். கோட்டைக்குள்ளோ உணவு இல்லை. பட்டினிப் பிணங்கள் தெருவில் கிடந்தன. நெற்களஞ்சியம் என்று நாம் பெருமை பேசும் தஞ்சையில்!

வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. அதைக் கொண்டுவர மாடுகளும் இருந்தன. ஆனால் மாட்டுக்காரர்கள் வர மறுத்தனர். ஏன்? முன்பு வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காமல் ஏமாற்றியிருந்தனர் அரசின் அதிகாரிகள். மன்னர் ஆணை எடுபடவில்லை. கும்பினிப் படைத்தலைவரின் ஆணையும் எடுபடவில்லை. கடைசியில் பாதிரியாரிடம் வந்தனர். அவர் ஊர் ஊராகக் கடிதம் எழுதினார். கூலியை நான் என் கையாலேயே தருவேன் என்பதுதான் கடிதத்தின் சாரம். இரண்டொரு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்து நின்றன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. ஒரு கலம் என்பது 12 மரக்கால் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்லாம் முடிந்தபின் சொன்னபடியே ஒவ்வொருவருக்கும் தம் கையால் கூலி கொடுத்து, மேலே சிறு அன்பளிப்பும் தந்து அனுப்பினார். கோட்டை பிழைத்தது. அவரது சொல்லை அத்தனை பேர் நம்பக் காரணம் என்னவாக இருக்கும்? எனக்குத் தோன்றுவது இதுதான்: இருபது ஆண்டுகளாக அவர் எதையும் தமக்கென்று எடுக்காததை அந்த மாட்டுக்காரர்கள் பார்த்திருந்தனர். தமக்குப் போதும் என்று இருந்தவரின் கையில் பிறர் கூலி பத்திரமாக இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

போர் ஓய்ந்தது, கொடுமை ஓயவில்லை. மன்னரின் அதிகாரிகள் வரி என்ற பெயரில் விளைந்ததையெல்லாம் வழித்தெடுத்தனர். குடியானவர்கள் பொறுத்துப் பார்த்தனர். பிறகு ஊரைவிட்டே போய்விட்டனர். வீடு, வயல், ஏர், வாய்க்கால் எல்லாம் அப்படியே கிடக்க, மக்கள் மட்டும் இல்லை. இப்போது எண்ணிப் பாருங்கள். மனநிறைவைப் போதிக்கும் ஒரு பாதிரியார் அந்த மக்களுக்கு என்ன சொல்வார் என்று எதிர்பார்ப்போம்? கிடைத்ததைக் கொண்டு அமைதியாய் இருங்கள், கடவுள் பார்த்துக்கொள்வார் என்றுதானே? நானும் அப்படித்தான் எதிர்பார்த்து அந்தப் பக்கத்தைப் புரட்டினேன்.

அவர் அதைச் சொல்லவில்லை. முதலில் அரண்மனைக்குப் போனார். நியாயமாக நடத்துவோம் என்ற உறுதியை மன்னரிடமிருந்தும் அதிகாரிகளிடமிருந்தும் பெற்றார். அதன் பிறகே ஓடிப்போனவர்களுக்கு ஆள் அனுப்பினார். அந்த உறுதிக்குத் தாமே பிணை என்றார். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பி வந்தனர். பின்னர் மற்றவர்களும் வந்தனர். ஜூனில் தொடங்க வேண்டிய சாகுபடி. அப்போதோ செப்டம்பர் பிறந்துவிட்டது. பருவம் தவறுகிறது, விரைந்து செய்யுங்கள் என்று அவர் வேண்டினார். உமக்காக இரவும் பகலும் உழைப்போம் என்று அவர்கள் இறங்கினர். அவ்வாண்டு விளைச்சல் முந்திய ஆண்டைவிட மிகுதியாக இருந்தது.

நண்பர்களே, இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். தம் தட்டைப் பார்த்துப் போதும் என்ற மனிதர், குடியானவனின் தட்டைப் பார்த்துப் போதும் என்று சொல்லவில்லை. அது போதாது என்று மன்னரின் முகத்துக்கு நேரே போய்ச் சொன்னார். அப்படியானால் என் தாயார்? நினைவைப் பின்னோக்கி ஓட்டினேன். புது உடை வேண்டுமா என்றால் போதும் என்பார்கள்; குழம்பில் மீன் துண்டு வேண்டுமா என்றால் போதும் என்பார்கள். ஆனால் உறவினர் எல்லாரும் கூடி என் படிப்பைப் போதும் என்றபோது அம்மா வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலையில் காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக்கொண்டு வேதாரணியத்திற்குப் பேருந்து ஏறினார்கள். கல்லூரிக் கட்டணத்தோடு திரும்பினார்கள். இரண்டையும் நான் அதுவரை சேர்த்துப் பார்த்ததே இல்லை.

வரலாற்றைத் தொடர்கிறேன். துளஜா மன்னருக்குப் பிறந்த மக்கள் எல்லாரும் அவருக்கு முன்னரே மாண்டனர். 1787இல், தம் இறுதி நாட்களில், பத்து வயதுச் சரபோஜியைத் தத்தெடுத்து, இனி இவன் உம்முடைய பிள்ளை என்று சுவார்ட்ஸிடம் ஒப்படைக்க முயன்றார். ஒரு நாட்டின் காப்பாளர் பதவி கைக்கு வருகிறது! மறுத்தார் ஐயர். அரண்மனைச் சூழ்ச்சிகளுக்கிடையே ஒரு பாதிரியாரால் அந்தக் குழந்தையைக் காக்க இயலாது என்று கூறி, மன்னரின் சகோதரர் அமர்சிங்கை அப்பொறுப்பில் அமர்த்த ஆலோசனை சொன்னார். இது அவர் செய்த தவறு என்றே நான் கருதுகிறேன். பதவியை வேண்டாம் என்றது சரி. அதை யாரிடம் கொடுக்கச் சொன்னார் என்பது சரியன்று. அமர்சிங் தாமே அரியணை ஏறினார். சிறுவன் கல்வியின்றி அடைத்து வைக்கப்பட்டான். அதை அறிந்த சுவார்ட்ஸ் ஓயவில்லை. மீண்டும் மீண்டும் கும்பினி அரசிடம் முறையிட்டு, 1793இல் சரபோஜியைச் சென்னைக்குப் பாதுகாப்பாக அனுப்பிக் கல்வி பெறச் செய்தார். பிற்காலத்தில் நூலகமும் அச்சுக்கூடமும் மருத்துவ ஆராய்ச்சியுமாகத் தஞ்சையை ஒளிரவைத்த சரபோஜி அந்தக் கல்வியில் உருவானவர். அவர் கிறிஸ்தவராக மாறவில்லை. கடைசிவரை தம் குலதெய்வங்களை வழிபட்டார். அதனால் அவர்களிடையே அன்பு குறைந்ததாகத் தெரியவில்லை.

வேறு பிள்ளைகளும் அவர் நிழலில் வளர்ந்தனர். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் வீடு பிள்ளைகளால் நிறைந்திருந்தது. சக ஊழியர் ஒருவரின் மகன் ஜான் காஸ்பர் கோலாஃப் அவரிடம் வளர்ந்து அவருக்குப் பின் தஞ்சையில் நெடுங்காலம் பணிபுரிந்தார். பாளையங்கோட்டையிலிருந்து அழைத்துவந்த ஒரு சிறுவன்தான் பின்னாளில் பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயகம் சாஸ்திரியார். தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் 1780களில் ஆங்கிலப் பள்ளிகள் தோன்றவும் ஐயரே காரணம்.

குறைகளையும் சொல்லாமல் விட்டால் இது வரலாறாகாது, வாழ்த்துமடலாகிவிடும். ஒன்று, அவர் கும்பினியாருக்கு உரைபெயர்ப்பாளராகவும் தூதராகவும் துணைநின்றார். அவர் இறந்த மறு ஆண்டே, 1799இல், தஞ்சை நாட்டின் ஆட்சி முழுதும் கும்பினியின் கைக்குப் போயிற்று. கோட்டையும் அரண்மனையும்தான் சரபோஜிக்கு மிஞ்சின. ஐயர் நல்லெண்ணத்தோடு கட்டிய பாலத்தின்மேல் யார் நடந்து வந்தார்கள் என்று கேட்கத்தான் வேண்டும். மற்றொன்று இதைவிட என்னை உறுத்துவது. அவரது சபைகளில் சாதி ஒழியவில்லை. ஒரே கூரைக்குக் கீழே மேல்சாதியார் ஒரு பக்கமும் ஒடுக்கப்பட்டோர் மறுபக்கமும் அமர்ந்தனர். படிப்படியாக மாறும் என்று எண்ணி அதை அவர் பொறுத்துக்கொண்டார். குடியானவருக்காக மன்னரிடம் சென்றவர், தம் கோயிலுக்குள்ளே அந்தப் பக்கம் அமர்ந்தவருக்காக ஏன் அதே வேகம் காட்டவில்லை? அங்கே மட்டும் இது இப்போதைக்குப் போதும் என்று பிறருக்காக அவர் சொல்லிவிட்டார். அந்தப் போதும் கசக்கிறது. அவர்மேல் எனக்குள்ள மதிப்பு இதனால் போய்விடவில்லை. ஆனால் இதை மறைத்துவிட்டு அவரைப் போற்ற என்னால் இயலாது.

1797இன் இறுதியில் அவர் காலில் புண் கண்டது. ஆறாமல் பரவியது. படுக்கையில் விழுந்தார். வயது 71. சொந்த ஊரைவிட்டு வந்து ஏறத்தாழ 48 ஆண்டுகள். அங்கே அவருக்கு யாரும் மீதமில்லை. இங்கே அறை நிறைய மனிதர். வலி மிகுந்த அந்த நாட்களிலும் பார்க்க வந்தவர்களை அவரே தேற்றினார். பள்ளிப் பிள்ளைகளைப் பாடச் சொல்லிக் கேட்டார். சக ஊழியர் பாடியபோது தாமும் சேர்ந்து பாடினார். 1798ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. சேமித்து வைத்திருந்ததை ஊழியத்திற்கும் ஏழைகளுக்கும் எழுதிவைத்திருந்தார்.

சரபோஜி வந்து உடலைக் கண்டு அழுதார். பொன்னாடை போர்த்தினார். அரச குலத்தவர் பிணத்தோடு செல்லும் வழக்கமில்லை என்றபோதும் கல்லறைவரை உடன் நடந்தார். அவருக்கு அப்போது வயது இருபதுதான், என் வயது. கோட்டைக்கு வெளியே இருந்த சிற்றாலயத்தில் அடக்கம் நடந்தது. தூய பேதுரு ஆலயம் என்று அதை இன்று வழங்குகின்றனர். கல்லறைமீது பதித்த கல்லில் உள்ள ஆங்கிலப் பாட்டைச் சரபோஜி தாமே எழுதினார். அந்த ஆண்டின் நடுவில் அவர் அரியணை ஏறினார். அதைக் காணத்தான் ஐயர் இல்லை.

இக்கட்டுரையை எழுதி முடித்தபின் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். உப்பளத்து நீரில் பூநாரைகள் வந்து இறங்கியிருந்தன. அம்மா வாசலில் அமர்ந்து கருவாட்டைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சுவார்ட்ஸ் ஐயரின் கதை முழுவதையும் சொன்னேன். சிறிய அறை, 300 ரூபாய், ஆயிரம் மாடுகள், 7,000 குடியானவர்கள் என்று ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்த அம்மா, மன்னரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சலவைக்கல் சிற்பத்தைப் பற்றியும் கேட்கவில்லை. திரும்பி வந்த அத்தனை பேருக்கும் அந்த வருஷம் நெல் வீடு வந்து சேர்ந்ததா என்று மட்டும் கேட்டார்கள். விளைச்சல் நன்றாக இருந்ததாம் என்றேன். ஆண்டவருக்கு நன்றி என்று சொல்லிவிட்டு, அடுத்த கூடையை எடுத்து வரச் சொன்னார்கள்.